சித்திரை வெயிலில் அறுபதைத் தாண்டியவர்கள்: விடியல் நடையா, மாலைக் கடற்கரையா, மின்விசிறியின் அடியிலா?

மார்கழியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்தவர், சித்திரையிலும் அதே பாதையில் அதே வேகத்தில் அதே நாற்பது நிமிடம் நடக்கப் பார்க்கிறார். பத்தாவது நாள் தலை சுற்றுகிறது. வீட்டில் உள்ளவர்கள் பயந்து, "மழைக்காலம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் உட்கார்ந்தவர் ஆகஸ்டில் எழும்போது, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித்தான் எழ முடிகிறது. வெயிலுக்குப் பயந்து நடையை நிறுத்தியதைவிட, கூடவே தொடைத் தசையையும் விட்டுவிட்டதுதான் பெரிய நஷ்டம்.

கோடை மூன்று மாதத்துக்கு எதை வைத்துக்கொள்வது, எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்பதுதான் இங்கே கேள்வி. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கு ஒரு விடை; வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்டங்களுக்கு வேறு விடை. அதற்கும் மேலே, உங்கள் மாத்திரை டப்பா சொல்லும் விடை ஒன்று இருக்கிறது.

உடம்பு எப்படிச் சூட்டை வெளியேற்றுகிறது?

65 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடம் நடந்தால் 150 கிலோ கலோரி அளவு சக்தி செலவாகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகும். கணக்குப்படி இந்த நடைக்குக் கால் லிட்டர் வியர்வை போதும். ஆனால் காற்று அசையாத இடத்தில் பாதிக்கு மேல் சொட்டித் தரையில் விழுந்துவிடும். சொட்டிய வியர்வை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் எடுத்ததுதான் மிச்சம், குளிர்ச்சி எதுவும் தராது. சட்டையைப் பிழிந்து காட்டி "இன்னிக்கு நல்ல வாக்கிங்" என்று சொல்பவர் உண்மையில் தன் உடம்பு குளிரத் திணறியதைத்தான் காட்டுகிறார்.

வயது ஏற ஏற இந்த ஏற்பாடு நான்கு இடங்களில் தளர்கிறது. வியர்வை தாமதமாக, குறைவாகச் சுரக்கிறது. சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரும் ரத்த ஓட்டம் குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருந்தாலும் நாக்கு சொல்லாது. சிறுநீரகம் நீரைச் சேமித்து வைக்கும் திறனும் இறங்குகிறது. இதோடு, வெயிலில் நடக்கும்போது இதயம் கால் தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப வேண்டும். முப்பது வயதில் இரண்டையும் சமாளித்த இதயம் எழுபதில் ஏதாவது ஒன்றில் குறை வைக்கும். நின்றவுடன் வரும் கிறுகிறுப்பு அந்தக் குறைதான்.

முதலில் மாத்திரை டப்பா

எந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் இதைச் செய்யுங்கள். மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, வணிகப் பெயரையும் அதில் உள்ள மருந்தின் அடிப்பெயரையும் படியுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் 'எச்' என்ற எழுத்தில் முடிந்தால், பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்ப்போக்கி, அதாவது சிறுநீரைக் கூட்டும் மருந்து, அதில் கலந்திருக்கும். கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஃப்ரூசமைடும் நீர்ப்போக்கிதான். இவை இருந்தால் நடக்கத் தொடங்கும்போதே உடம்பில் நீர் இருப்பு சற்றுக் குறைவு. இன்னொரு பக்கமும் உண்டு: தயசைடு வகை எடுப்பவர் பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது அங்கே எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவை நாடித்துடிப்பை ஏற விடாது. தோலுக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். இவற்றை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்யக் கூடாது. பேச்சுச் சோதனையே சரியான அளவுகோல்: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம்.

சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை வியர்வையையே குறைத்துவிடும். சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் வாக்கிங் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மே மாதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு நடையால் தாழ்சர்க்கரை வரக்கூடும்; சூட்டில் ஊசி இன்சுலின் வேகமாகவும் உறிஞ்சப்படும். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடப்பது இன்னும் மோசம். நடக்கிற நாளில் வயிற்றில் போடுவது நல்லது. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் நின்றவுடன் அழுத்தத்தைத் தாழ்த்தும்.

இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் மார்ச் மாதமே மருத்துவரிடம் போய் "வெயில் காலத்துக்கு அளவு மாற்ற வேண்டுமா?" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். போகுமுன் வீட்டில் ஒரு அளவு எடுத்துக்கொண்டு போங்கள்: ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம், எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தத் தாள் மருத்துவருக்குப் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

விடியல் நடையும் மாலை நடையும்

"காலையில் ஈரப்பதம் 80 சதவீதம், மாலையில் 70 தான், அதனால் மாலையே மேல்" என்று ஒரு வாதம் உண்டு. அந்தச் சதவீதம் ஏமாற்றும். வியர்வை எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தோலின் ஆவி அழுத்தத்துக்கும் (நீராவி தரும் அழுத்தம்) காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது. 35 டிகிரி சூட்டில் நனைந்திருக்கும் தோலின் ஆவி அழுத்தம் 5.6 கிலோ பாஸ்கல். சென்னையில் மே மாத விடியற்காலை 28 டிகிரி, 80 சதவீதம் என்று வைத்தால் காற்றில் 3.0. மாலை 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் 3.3. ஆக, ஆவியாவதற்கான இடம் விடியலில்தான் கொஞ்சம் அதிகம். காற்றும் நான்கு டிகிரி குளிர்ச்சி. அப்படியிருந்தும் விடியலில் ஏன் கசகசக்கிறது? காற்று அசைவதில்லை. தோலை ஒட்டி ஈரமான காற்றுப் படலம் அப்படியே நிற்கிறது.

மாலையில் கடற்காற்று அந்தப் படலத்தைத் துடைத்தெடுக்கிறது. எனவே கடலோரத்தில், அதுவும் கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு, விடியலும் மாலையும் கிட்டத்தட்டச் சமம். மெரினா சர்வீஸ் சாலையிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ மாலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி நடப்பதில் தவறே இல்லை. ஒரே நிபந்தனை, அன்றைக்குக் கடற்காற்று வந்திருக்க வேண்டும். மே கடைசி, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். சில நாள் வராமலே போகும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதிதான். மதியம் இரண்டு மணிக்கு மேலும் மரக்கிளைகள் கடலை நோக்கி வளைந்துகொண்டிருந்தால் அன்று மாலை வெளியே போக வேண்டாம். வானிலைச் செயலி பார்ப்பதைவிட இது சுலபம்.

உள்மாவட்டங்களில் இந்தச் சமநிலை இல்லை. வேலூரிலும் மதுரையிலும் மே மாத மாலை ஆறு மணிக்குச் சூரியன் சாய்ந்திருந்தாலும் தார்ச்சாலையும் மதிலும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். மொட்டை மாடி இன்னும் மோசம். கான்கிரீட் தளம் இரவு எட்டு, ஒன்பது மணி வரைக்கும் அடுப்புப் பலகை போலக் கொதிக்கும். மாடியில் நடப்பவர்கள் அதைக் காலையில் வைத்துக்கொள்ளட்டும். உள்மாவட்டத்துக்கு விடியலே சரி: ஐந்தேகாலுக்கு இறங்கி ஆறரைக்குள் வீடு. அக்னி நட்சத்திரம் எனப்படும் மே 4 முதல் 28 வரையிலான நாட்களில், சூரியன் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடும். ஏழு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும் என்று மனதில் வைத்துக்கொண்டால் தப்பில்லை.

விடியலுக்கும் ஒரு விலை இருக்கிறது. முதலாவது இருட்டு: உடைந்த நடைபாதை, தெரு நாய், மூடாத சாக்கடை. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவு வெயில் மயக்கத்தைவிடக் கொடியது. வெளிச்சம் இல்லாத தெருவென்றால் ஐந்தே முக்கால் வரை காத்திருப்பது மேல். இரண்டாவது, வெறும் வயிறு. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் கிளம்புமுன் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழம் அல்லது மூன்று மேரி பிஸ்கட், பதினைந்து நிமிடம் கழித்து நடை. 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று நடை இல்லை. மூன்றாவது, இதயப் பிரச்சினைகள் காலை வேளையில் அதிகம் தலைகாட்டுகின்றன. கட்டிலிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தெருவில் இறங்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடமாடி, தண்ணீர் குடித்து, முதல் ஐந்து நிமிடத்தைக் கோயில் பிராகாரம் சுற்றும் வேகத்தில் தொடங்க வேண்டும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டங்கள்தோறும் 8 கிலோமீட்டர் பாதை குறிக்கப்பட்டிருக்கிறது. பாதை நன்று. ஆனால் எட்டையும் முடித்தே தீர வேண்டும் என்று அறுபத்தெட்டு வயதில் மே மாதத்தில் கிளம்புவது வீம்பு. வெயில் காலத்தில் வீட்டிலிருந்து ஒரே திசையில் வெகுதூரம் போவதே கூடாது. தெருவையோ பூங்காவையோ 400, 500 மீட்டர் சுற்றாகச் சுற்றினால் எந்த நேரத்திலும் ஐந்து நிமிடத்தில் நிழலும் தண்ணீரும் கிடைக்கும்.

மின்விசிறியின் அடியில் இருபது நிமிடம்

நம் ஊரில் பெரியவர்களின் உடற்பயிற்சி என்றாலே நடைதான். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் கீழே உட்கார்ந்து எழவும், பேருந்துப் படி ஏறவும், தடுக்கினால் சமாளிக்கவும் தேவையான தொடை, பிட்டத் தசைகளை அது போதுமான அளவு வளர்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றைக் கேட்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. நடப்பவர்கள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முழு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் வெயிலில் இறங்கவே வேண்டாம் என்பதுதான் இதில் வேடிக்கை. கோடைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற பயிற்சியைத்தான் கோடையில் யாரும் செய்வதில்லை.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தரையிலிருந்து 43 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். சாதாரணச் சாப்பாட்டு மேசை நாற்காலி இந்த உயரம்தான். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டிய எல்லை என்று ஆசிய நாடுகளுக்கான மருத்துவ வரையறை சொல்கிறது. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர் இந்தக் கோடையில் நடை நேரத்தைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இங்கேதான் தொடங்க வேண்டும்.

பயிற்சி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முதல் 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. எழுவது இரண்டு எண்ணிக்கை, உட்காருவது நான்கு எண்ணிக்கை. தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போயிற்று; இறங்கும்போதும் தசை உழைக்கிறது. அடுத்தது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 12 முறை. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று சுவரைத் தள்ளும் தண்டால் 10 முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, மேசையில் மறு கையை ஊன்றிக் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுப்பது ஒவ்வொரு பக்கமும் 10 முறை. கடைசியில் சமநிலை: மேடையருகே நின்று ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியில் ஒட்டி வைத்து 10 விநாடி, அது பழகிய பிறகு ஒற்றைக் காலில் 10 விநாடி. விரல் நுனி மேடையைத் தொட்டபடி இருக்கலாம்.

எழுந்து உட்காருவது பன்னிரண்டு முறை சிரமமின்றி வந்துவிட்டால் எடை கூட்டுங்கள். மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்காரலாம். மூன்று மாதமாக அதே பத்து முறை, அதே வெறுங்கை என்று இருந்தால் தசை வளர்வதற்குக் காரணமே இல்லை. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தேங்கிப்போகிறார்கள்.

எழும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியேறும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பாதம் மிகவும் முன்னால் இருக்கிறது. பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, உடலை முன்னே சாய்த்து எழ வேண்டும். அப்படியும் வலித்தால் இருக்கையில் கெட்டியான மெத்தைத் துண்டைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கடுப்பது சரி. மூட்டு வீங்குவது சரியில்லை.

அறை வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி வயதானவர்களுக்கு உதவாது. சுடுகாற்றை மேலே வீசுவதுதான் நடக்கும். வியர்வை குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த எல்லை 37. கான்கிரீட் வீட்டில் காலை ஒன்பதுக்குள் இந்த எல்லை வராது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் பதினோரு மணிக்கே வந்துவிடும். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்து, முன்கை, முகத்தைத் துடைத்துக்கொண்டு விசிறியின் கீழ் நின்றால், வியர்வைச் சுரப்பி தராத தண்ணீரை நாமே தோலுக்குத் தருகிறோம். இந்த ஒரு காரியம் வயதானவர்களுக்கு இளையவர்களைவிட அதிகப் பலன் தரும். காசும் ஆகாது.

தசைக்குச் சாப்பாடும் வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது இந்த வயதின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். வெயிலில் பசி மந்தமாகி, மூன்று இட்லியும் மோர் சாதமுமாக நாள் ஓடினால் பாதியைக்கூட எட்டாது. ஒரு இட்லியில் இருப்பது 2 கிராம்தான். முட்டையில் 6 கிராம். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு, இரண்டு வேளை தயிர் என்று சேர்த்தால் கணக்கு நேராகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏ.சி. ஜிம், நீச்சல் குளம்

ஜிம்முக்குப் போகும் வசதியும் மனமும் இருந்தால் தசைப் பயிற்சிக்கு வீட்டைவிட அது மேல். காலால் தள்ளும் எந்திரத்தில் எடையை இரண்டரை, ஐந்து கிலோவாகக் கூட்டிக்கொண்டே போகலாம். முதுகுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இருபது வயதுப் பயிற்றுநர் தன் வயதுக் கணக்கில் வேலை வாங்கினால் தோள்பட்டை போய்விடும். முதல் நாளே மாத்திரைப் பட்டியலைச் சொல்லுங்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை என்றால் வேறு ஜிம் பாருங்கள்.

ஏ.சி.யில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சூட்டுக்குப் பழகுதல் என்பது உடம்பு சம்பாதித்துக்கொள்ளும் திறன். பத்திலிருந்து பதினான்கு நாள் தினமும் கொஞ்ச நேரம் வெக்கையில் உழைத்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும், ரத்தத்தின் நீரளவு கூடும். இரண்டு மூன்று வாரம் விட்டால் இந்தச் சேமிப்பு கரைந்துவிடும். வீட்டில் ஏ.சி., காரில் ஏ.சி., ஜிம்மில் ஏ.சி. என்று ஏப்ரல் முழுக்க இருந்தவர் மே மாதக் கோயில் திருவிழாவில் இரண்டு மணி நேரம் நிற்கப் போனால், பக்கத்தில் நிற்கும் பூக்காரப் பாட்டியைவிட அவருக்கே ஆபத்து அதிகம். ஜிம்மே உங்கள் தேர்வு என்றாலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில் இருபது நிமிடம் வெளியே நடப்பதை விடாதீர்கள்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நீச்சல் குளத்துக்கு இணை இல்லை. இடுப்பளவு நீரில் நின்றாலே உடல் எடையில் பாதி குறைந்துவிடும். நீந்தத் தெரியாவிட்டாலும் மார்பளவு நீரில் முன்னும் பின்னுமாக நடக்கலாம். ஆனால் நீரில் வியர்ப்பது தெரியாது. குளத்திலிருந்து ஏறியதும் தண்ணீர் குடிக்க வேண்டும். சென்னையில் மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரியவர்கள் இறங்கக்கூடிய, கைப்பிடியோடு படி வைத்த குளம் அபூர்வம். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) நீச்சல் உதவாது, ஏனென்றால் எலும்பின் மீது எடை விழுவதில்லை. ஈரத் தரையில் வழுக்கி விழுபவர்கள் நீரில் மூழ்குபவர்களைவிட அதிகம்.

எட்டு நடை, யோகா

கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இல்லாத பூங்கா இப்போது குறைவு. எட்டில் நடப்பதால் திரும்பித் திரும்பிச் சமநிலை பழகும், அதோடு சரி. சர்க்கரை குணமாகும், ரத்த அழுத்தம் போய்விடும் என்பதெல்லாம் பூங்காப் பெஞ்சுப் பேச்சு. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் கூழாங்கல்லில் நடக்கவே கூடாது. காலை எட்டு மணிக்குச் சூடேறிய கல் தோலைப் பொசுக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் புண்ணைப் பார்த்துத்தான் தெரியவரும். செருப்போடு எட்டுப் போடலாம்.

யோகா மூட்டுகளின் இளக்கத்துக்கும் மூச்சுக்கும் நல்லது; விசிறியின் கீழேயே செய்யலாம். தசை வலுவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. எலும்பு மெலிவு உள்ளவர்கள் முன்னால் முழுதாகக் குனியும் ஆசனங்களையும், கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும்.

எவ்வளவு குடிப்பது, எதைக் குடிப்பது

கிளம்புவதற்கு அரை மணி முன் 200 முதல் 250 மில்லி தண்ணீர். அரை மணிக்கு மேல் நடந்தால் நடுவில் 150 மில்லி. திரும்பியதும் இன்னொரு தம்ளர். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் கிளம்புமுன்னும் திரும்பித் துடைத்துக்கொண்ட பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். 65 கிலோ ஆள் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் நடை நீண்டுவிட்டது அல்லது நேரம் தவறு. சிறுநீர் நிறத்தையும் பார்க்கலாம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட நாளில் மட்டும் அது பொய் சொல்லும்.

நாற்பது நிமிட நடைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் தேவையில்லை. வயிற்றுப்போக்கு, நீண்ட வெயில் வேலை, பயணம் என்றால் தேவை. வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடுவது ஆபத்து. நீர்மோர் எல்லோருக்கும் நல்லது, ஆனால் ஒரு தம்ளரில் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை கிராம். நாள் முழுவதுக்கும் 5 கிராம்தான் வரம்பு என்பதால், மூன்று தம்ளர் மோரிலேயே ரத்த அழுத்தக்காரரின் கணக்கு தீர்ந்துவிடும். இளநீரில் அரை கிராமுக்கும் மேல் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களும் தினம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுமுன் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்புக்கு நீர் வரம்பு சொல்லப்பட்டவர்கள் அந்த வரம்புக்குள்தான் இதையெல்லாம் பங்கிட வேண்டும்.

யாருக்கு எது?

மாத்திரை அதிகமில்லாத, கடலோரத்தில் வாழும் அறுபதுகள்: காற்று வந்த மாலையோ விடியலோ, விருப்பம்போல் 30 நிமிடம், வாரம் இரண்டு நாள் நாற்காலிப் பயிற்சி. உள்மாவட்டத்தில் அதே ஆள்: விடியல் மட்டும்.

நீர்ப்போக்கியும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து எடுப்பவர்: ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளி நடையை 20 நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டுக்குள் பிரிப்பது நல்லது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் கூடத்திலும் வராந்தாவிலும் நடந்தால் வாரத்தில் ஐந்து நாளில் 150 நிமிடம் ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இறங்கும். உலா போவது போல நடந்தால் கணக்கில் வராது, கைவீசி நடக்க வேண்டும். சாப்பிட்டதும் அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறவர்களும் நெஞ்சுவலி வருகிறவர்களும் இதைச் செய்யக் கூடாது.

முழங்கால்தான் தடை என்றால் குளம். குளம் இல்லையென்றால் உயரம் கூட்டிய நாற்காலி. வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து கேட்க வேண்டும்.

தனியாக வாழ்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் துணையோடு செய்வது மேல். ஏனென்றால் சூட்டுத் தாக்கத்தின் முதல் அறிகுறி குழப்பம். குழம்பியவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. வார்த்தை குழறுகிறது, தள்ளாடுகிறார், வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறார் என்று துணைக்கு வந்தவர்தான் கவனிக்க வேண்டும். வெறும் களைப்பும் தலைசுற்றலும் என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுத்து அரை மணி பார்க்கலாம். குழப்பமோ மயக்கமோ சேர்ந்துவிட்டால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும்: சட்டையைக் கழற்றி, கிடைத்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும், ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. சர்க்கரை நோயாளி என்றால், குளிர்விக்கும்போதே ஒருவர் விரலில் குத்தி அளவும் பார்த்துவிட வேண்டும்; தாழ்சர்க்கரைக்கும் இதே முகம்தான்.